சூடேறினால் இழுவை குறையும் அம்பாசடர்: இதுவரை பார்த்தவை

வண்டி மார்க் 3 அம்பாசடர், பெட்ரோல். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த அதே 1489 சிசி, பி.எம்.சி. பி-சீரிஸ் என்ஜின். சேலம் ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏற்காடு ஏறும்போதுதான் வம்பு. அடிவாரத்திலிருந்து இரண்டாவது கியரில் நன்றாக இழுத்துக்கொண்டு போகும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறையப் பாதியைத் தாண்டியதும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் ஏறாமல் அடங்கிப்போகும். சைலன்சரில் பட் பட்டென்று சத்தம் வரும். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்துவைத்து அரைமணி நேரம் விட்டால், எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் ஏறும்.

இத்தனைக்கும் என்ஜின் ஓவர்ஹீட் ஆகவில்லை. டெம்பரேச்சர் முள் தன் இடத்தில்தான் நிற்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கவில்லை. வழக்கமான சூட்டிலேயே ஏதோ ஒரு பாகம் கைவிடுகிறது என்றுதான் அர்த்தம்.

இந்த மாதிரிக் கோளாறில் பெரிய தொல்லை, பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் வண்டி ஆறிவிடும். ஆறிய வண்டியில் எதைச் சோதித்தாலும் சரியாகத்தான் இருக்கும். பிறகு சந்தேகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்ற ஆரம்பிப்போம், பணம்தான் போகும். அதனால் சோதனை எல்லாவற்றையும் மலையிலேயே, இழுவை போன அந்த நிமிடத்திலேயே செய்வது என்று முடிவு செய்தேன். டிக்கியில் ஒரு ஸ்பேர் பிளக், க்ளிப் மாட்டிய வயர்கள், மல்டிமீட்டர், புது கண்டென்சர், ஈரத்துணி, தீயணைப்பான் எல்லாம் ஏறின. சூடான என்ஜின் பக்கத்தில் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் பெட்ரோல் மேல்தான். பி-சீரிஸில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் இன்டேக், புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டும் என்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எக்ஸாஸ்டின் அனல் முழுக்க கார்புரேட்டர் மேல் அடிக்கும். போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலக்கும்போது பெட்ரோலின் ஆவியழுத்தம் சற்றுக் கூடுவதால் பைப்பிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். நம் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்று சொல்வது இதைத்தான். பழைய ரப்பர் ஹோஸும் எத்தனாலில் ஊறி இளகிப்போயிருந்தது. அதை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றி, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து கொஞ்சம் விலக்கிக் கட்டினேன். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்க இருக்கும் பேக்கலைட் துண்டு விரிசல் இல்லாமல் இருந்தது.

பலன் இருந்தது. வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்த வண்டி இப்போது சட்டென்று பிடிக்கிறது. ஆனால் மலையில் இழுவை போவது மட்டும் அப்படியே இருந்தது. இழுவை போன இடத்தில் நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, என்ஜின் ஓடாத நிலையில் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்கைக் கையால் இழுத்தேன். பெட்ரோல் கோடாகப் பீய்ச்சியடித்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பம்ப் மேல் ஈரத்துணி போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. சரி, பெட்ரோல் பக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்று கரண்ட் பக்கம் திரும்பினேன்.

எனக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக் அண்ணன் கேட்டதும் சொன்னது, "காயிலைத் தொட்டுப் பாருங்க தம்பி, கை வைக்க முடியலன்னா மாத்திடுங்க." சூடு நிஜமாகவே அதிகம்தான். ஆனால் பேட்டரி கரண்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய அதிக வோல்டேஜாக மாற்றும் காயில் என்றால் சுடத்தான் செய்யும். ஆறியிருக்கும்போது அதன் பிரைமரி சுருளில் தடை 3.2 ஓம், மலையில் வைத்து அளந்தபோது 3.8 ஓம். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 50 டிகிரி சூடு கூடினால் இந்தக் கணக்குதான் வரும். ஆக காயில் தன் இயல்புப்படிதான் இருக்கிறது. அதை மாற்றவில்லை.

அப்புறம் ஸ்பார்க். காயிலின் நடு வயரில் ஸ்பேர் பிளக்கை மாட்டி, பிளாக்கில் எர்த் கொடுத்து, தம்பியை செல்ப் அடிக்கச் சொன்னேன். அடிவாரத்தில் டக் டக்கென்று நீலமாக விழுந்த ஸ்பார்க், இங்கே மஞ்சளாக, நூல்போல வந்தது; இடையிடையே வரவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பிளக்கில் விழ வேண்டிய ஸ்பார்க், காயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்சான பாயிண்டில் விழுந்துகொண்டிருந்தது. பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் பளிச் பளிச்சென்று. ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் அதற்கேற்ற ஒரு சின்ன மேடு, சுற்றிலும் கருப்பு.

பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று அறுபட வேண்டும். எவ்வளவு வேகமாக அறுபடுகிறதோ அவ்வளவு வோல்டேஜ் பிளக்குக்குக் கிடைக்கும். அந்த நொடியில் பாய்ந்துவரும் கரண்டை ஏந்திக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது ஏந்தாவிட்டால் கரண்ட் பாயிண்ட் இடைவெளியையே தாண்டிக் குதிக்கும், காயிலின் வோல்டேஜ் விழும். சமதளத்தில் இது தெரியாததற்கும் காரணம் உண்டு. மேட்டில் முழுக்க மிதிக்கும்போது சிலிண்டரில் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் ஸ்பார்க் தாண்ட வோல்டேஜும் அதிகம் வேண்டும். ஐடிலிங்கில் சமாளித்துவிடும் நோஞ்சான் ஸ்பார்க், லோடு ஏறியதும் மாட்டிக்கொள்ளும்.

எதையும் கழற்றாமல், புது கண்டென்சரின் வயரை காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனையில் க்ளிப் போட்டு, அதன் உடம்பை எர்த்தில் கவ்வவிட்டேன். அடுத்த செல்ப்பிலேயே ஸ்பார்க் நீலமாகத் தாண்டியது. ஆறவிடவில்லை, வேறு எதையும் தொடவில்லை. அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே தொடர்பு விட்டுப்போன கண்டென்சருக்குத்தான் இந்தச் சோதனை பலிக்கும். கசியும் கண்டென்சராக இருந்தால் பழையதன் வயரைப் பிரித்துவிட்டுத்தான் புதியதை மாட்டிப் பார்க்க வேண்டும்.

பழையதை வீட்டில் மல்டிமீட்டரில் மாட்டி, முடி உலர்த்தும் மெஷினால் சூடேற்றினேன். ஆறியிருந்தபோது 0.21 மைக்ரோஃபாரட், புதியதுபோலவே. சூடு ஏறியதும் எண் தாவ ஆரம்பித்து, 0.03க்கு வந்து, பூஜ்யம் காட்டியது. வயரை லேசாக அசைத்தால் திரும்ப 0.21. பட்டறையில் மட்டும் சோதித்திருந்தால் இது நல்ல கண்டென்சர் என்று திரும்பவும் மாட்டப்பட்டிருக்கும். இனி புதியது வாங்கினாலும் இப்படிச் சூடாக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன். பெட்டியில் புதுசாக இருப்பது மட்டும் எனக்குப் போதாது.

பாயிண்ட் செட்டையும் மாற்றி, இடைவெளி 0.38 மி.மீ. வைத்து, ஸ்பார்க் விழும் டைமிங்கைத் திரும்பப் பார்த்தேன். இப்போது நிற்காமல் மேலே போய்ச் சேர்கிறது, சைலன்சர் சத்தம் போயே போச்சு. கடைசி வளைவுகளில் கொஞ்சம் சோர்வு தெரிகிறது. அதில் பெரும்பங்கு உயரத்தால் வருவது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் குறைவு. அந்த அளவுக்கு எந்த கார்புரேட்டர் என்ஜினும் சக்தி இழக்கும். அரைமணி நேரம் நிறுத்தி எடுத்தாலும் மாறாது என்பதால் அந்தச் சோர்வைப் பழைய கோளாறிலிருந்து பிரித்துச் சொல்ல முடிகிறது.

மிச்சம் ஒன்று இருக்கிறது. சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கீழே காட்டுகிறது; ஆறியதும் சமமாகிவிடுகிறது. டேப்பெட் இறுகி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி குறைந்து, எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீண்டு முழுக்க மூடாமல் நிற்கிறது என்று நினைக்கிறேன். அடுத்து ராக்கர் கவரைக் கழற்றி, எட்டு டேப்பெட்டையும் 0.38 மி.மீ. ஃபீலர் கேஜில் வைத்துவிட்டு, அதே சூட்டில் மறுபடி கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். அதற்கும் மூன்றாவது சரியாகவில்லை என்றால் ஹெட்டை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.