நீலம் வரவில்லை

ஜனவரி 19
கேமராவுக்காகச் சிலிக்கான் கம்பிகளால் நாங்கள் செய்யும் ஒளி உணரியில் இன்றும் நீலம் வரவில்லை.

ஜனவரி 20
110, 130 நானோமீட்டர் தடிமன் கம்பிகள் பாக்குத் தோப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. நீலத்துக்கான 90 மட்டும் நாலைந்தாகத் தலைசாய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. கழுவிய தண்ணீர் காயும்போது அதன் பரப்பு இழுவிசை இப்படி இழுத்துவிடும். குளித்த தலைமுடி திரிதிரியாக ஒட்டுவதுபோல. (ஒரு முடியின் குறுக்கே இந்தக் கம்பிகள் எழுநூறு, எண்ணூறு அடங்கும்.) திரவ கார்பன் டை ஆக்சைடில் உலர்த்தினால் சாயாது. அந்த மெஷின் டிசம்பரிலிருந்து ரிப்பேர். பார்ட் அடுத்த வாரமாம்.

ஜனவரி 22
பினாங்கு லிட்டில் இந்தியாவில் அம்மா கருநீலச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, "கருப்பு வேண்டாம்பா, நல்ல நாள் வருது" என்றார். கடைப் பையன் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை.

ஜனவரி 24
அம்மாவின் கண்புரை ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. மூன்றாவது முறை.

ஜனவரி 25
தூக்கம் இல்லை. கேமராவில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி இருக்கும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. ஒரு நிறத்தை விட்டுவிட்டு மற்றதை விழுங்கிவிடும். வரும் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீண். எங்கள் சிலிக்கான் கம்பிக்கு வடிகட்டி கிடையாது. எந்த நிறம் உள்ளே போய் மின்சாரமாக வேண்டும் என்பதைத் தடிமனே முடிவு செய்கிறது. மெல்லியது நீலம், தடிக்கத் தடிக்கச் சிவப்பு. மிச்சம் கீழே இறங்கும், அதை அடியில் இருக்கும் இன்னொரு உணரி வாங்கிக்கொள்ளும்.

அம்மாவிடம் சொன்னேன். "அரிசியில கல் பொறுக்குற மாதிரியா?"

"அதேதான். ஆனா கல்லை எறிய மாட்டோம்."

"கல்லையும் எண்ணி வைப்பீங்களா? நல்ல படிப்பு."

அம்மாவின் கண்ணுக்குள் இருப்பதும் வடிகட்டிதான். மஞ்சளாகப் பழுத்த லென்ஸ், நீலத்தைத் தின்கிறது. யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

ஜனவரி 29
திடீரென்று கூப்பிட்டார்கள். வலது கண் முடிந்தது. உள்ளே இருபது நிமிடம், வெளியே நான் ஆறு மணி நேரம்.

ஜனவரி 30
கட்டு அவிழ்த்தாயிற்று. "டியூப்லைட்டை மாத்திட்டியா? ஊதாவா எரியுது." மாற்றவில்லை. அப்புறம் சுவரைப் பார்த்தார். சந்தன நிறம் அடித்திருக்கிறோம் என்றே இத்தனை நாள் இருந்தாராம். அது வெள்ளை.

ஜனவரி 31
தைப்பூசம். அம்மா தேர் பார்க்கப் போகக் கூடாது. தூசி, தேங்காய்த் தண்ணீர், விபூதி எதுவும் கண்ணில் படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். போனில் முருகனைக் காட்டினேன். இடது கண்ணை மூடி, "மயிலு இப்படியா இருக்கும்?" என்றார். மயில் கழுத்து நீலத்தில் நீலச் சாயமே கிடையாது. நுண்ணிய மெலனின் குச்சிகள் அடுக்கியிருக்கும் இடைவெளிதான் அந்த நிறம். மயில் குச்சி மட்டும் சாய்வதில்லை.

பிப்ரவரி 3
பார்ட் வந்தது. வேறு மாடலுக்கு உரியது.

பிப்ரவரி 4
காலையிலேயே பீரோவைத் திறந்து சேலைகளைக் கட்டிலில் பரப்பிவிட்டார். ஒரு கண்ணை மூடி ஒருமுறை, மறு கண்ணை மூடி ஒருமுறை. கருப்பு என்று ஒதுக்கி வைத்ததில் ஐந்து நீலம். கீழ்த்தட்டு இன்னும் இருக்கிறதாம், லீவு போடச் சொல்கிறார்.