டிஜே 2 முதல் டிஜே 31 வரை: ஒரு டார்ஜிலிங் வசந்தம்

மார்ச் 19

டார்ஜிலிங்கிலிருந்து இந்த வருடத்து ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், அதாவது வசந்தத்தின் முதல் பறிப்புத் தேயிலை, வந்து சேர்ந்தது. சின்னப் பொட்டலம்தான், மேலே டிஜே 2 என்று அச்சிட்டிருக்கிறது. அங்கே ஒவ்வொரு தோட்டமும் வருடா வருடம் டிஜே 1 என்று புதிதாக எண்ணத் தொடங்கும். அடுத்தடுத்துத் தயாராகும் சரக்குக்கு அடுத்தடுத்த எண். சின்ன எண் என்றால் கிராக்கி அதிகம். ருசியும் அந்த அளவுக்கு இருக்குமா? அதைப் பார்க்கத்தான் அதே தோட்டத்தின் மார்ச் கடைசிப் பறிப்பிலும் கொஞ்சம் கேட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 20

இரண்டு கிராம் இலை, 150 மில்லி தண்ணீர். கொதித்ததும் இறக்கி, சற்று ஆறவிட்டு ஊற்றி, இரண்டரை நிமிடத்தில் வடிகட்டினேன். வெளிர் மஞ்சள் நிறம். முதலில் பூ வாசனை, பின்னால் பச்சை வாசம், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பு. வீட்டில் ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயமே இறங்கலையே" என்றார்கள். இதற்கு மேல் இறங்காது என்றேன். நம்பவில்லை.

மார்ச் 22

கறுப்புத் தேயிலை என்று விற்கிறார்கள், வடிகட்டியில் கிடக்கும் இலையில் பாதிக்குப் பாதி பச்சை. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. குளிர்காலம் முழுக்கச் செடி வளராமல் தூங்கும், கவாத்தும் அப்போதுதான். பிப்ரவரி கடைசியில் வெயிலும் கொஞ்சம் மழையும் பட்டதும் துளிர்க்கிற முதல் கொழுந்து இது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, தொழிற்சாலையில் கடுமையாக வாட்டுவார்கள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஈரமாகவே போய்விடும். அவ்வளவு காய்ந்த இலையில் நொதிகள் முழு வேலை செய்ய முடியாது. அதனால் உருட்டிய பிறகும் இலை பாதி வழியில் நின்றுவிடுகிறது, முழுக்கச் சிவப்பதில்லை. அந்தப் பச்சையும் பூமணமும் மிஞ்சுவது இதனால்தான். மே, ஜூனில் வரும் செகண்ட் ஃப்ளஷ் நிறத்திலும் திடத்திலும் வேறு ஆள்.

மார்ச் 23

பால் ஊற்றிப் பார்த்தேன். பால்தான் மிஞ்சியது.

மார்ச் 27

டீ ருசி பார்ப்பவர்களின் முறைக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தரநிலையே இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம். ரசித்துக் குடிப்பதற்கான முறை அல்ல, சரக்குகளை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட. அப்படியே செய்தேன். கசப்பு தூக்கியடித்தது, ஆனால் ஆறிய கோப்பையில் பூ வாசனை இன்னும் நிற்கிறது. நல்ல சரக்குதான், சரி.

இன்னொன்று தோன்றியது. டார்ஜிலிங் தோட்டங்கள் சுமார் 600 மீட்டரிலிருந்து 2000 மீட்டர் வரை ஏறிப் போகின்றன. 2000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே நான் பொறுமையாக ஆறவைக்கிற வேலையை அங்கே மலையே செய்து கொடுக்கிறது.

ஏப்ரல் 12

கேட்டு வைத்திருந்த மார்ச் கடைசிப் பறிப்பு, டிஜே 31, வந்தது. இரண்டையும் ஒரே அளவில் ஊற்றி மாறி மாறிக் குடித்தேன். டிஜே 2 மூக்குக்கு, டிஜே 31 வாய்க்கு. பின்னதில் நிறம் ஒரு படி கூடி, கனிந்த பழத்தின் இனிப்பு எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது கோப்பைக்கும் தாங்குகிறது. முன்னது இரண்டாம் ஊற்றிலேயே கை விரித்துவிட்டது.

எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் நியாயமில்லை. டிஜே 2 பொட்டலத்தில் ஏவி2 என்று போட்டிருக்கிறது, பூமணத்துக்குப் பேர் போன குளோன் செடி, அதாவது விதையிலிருந்து அல்லாமல் ஒரே தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்தது. மற்றதில் சைனா என்று இருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரி ஆர்ச்சிபால்ட் கேம்பெல் 1841இல் டார்ஜிலிங்கில் நட்டுப் பார்த்த சீன வகையின் வழி. செடி, சரிவு, அன்றைய வெயில் எல்லாம் சேர்ந்ததுதான் ருசி. பந்தயத்தில் முதலில் வந்த கொழுந்து என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 20

டிஜே 2 தீரப் போகிறது. சேர்த்து வைக்கிற சரக்கில்லை இது. இறுக மூடிய டப்பாவில், வெளிச்சம் படாமல் வைத்தாலும் சில மாதங்களில் அந்தப் பச்சை வாசம் மங்கிவிடும். இருப்பதைக் காலையில் ஒரு கோப்பையாகக் குடித்து முடிப்பதாக உத்தேசம். அடுத்த வருடம் மார்ச் கடைசிப் பறிப்பை மட்டும், அதுவும் சைனா செடியாகப் பார்த்துக் கேட்பேன்.