கல்ச்சரில் கிருமி வந்தது, மருந்து வேண்டாம் என்றார் டாக்டர்

அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சுகரும் உண்டு. போன கோடையில் நீர்க்கடுப்பு வந்தது. எரிச்சல், போய்விட்டு வந்த உடனே மறுபடி போகவேண்டும் போன்ற அவசரம், காய்ச்சல் இல்லை. குடியாத்தத்தில் வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் விஷயத்தைச் சொன்னதுமே செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்து வைத்தார்கள். அது 2014 முதல் ஹெச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டைப் பார்த்து விற்றாலும் டாக்டர், நோயாளி பெயரெல்லாம் தனி நோட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை இருக்கும். கடையில் யாரும் நோட்டைத் தொடவே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவை வேலூருக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் முதலில் கேட்டது, "ஏதாவது மாத்திரை போட்டாச்சா?" ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால், சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் கிருமி வளராமலே போகலாமாம். வீட்டிலிருந்தே சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். நல்லவேளை, அப்படிச் செய்யவில்லை. வேலூர் வெயிலில் பஸ்ஸில் வரும் சாம்பிளில் கிருமி பெருகி ரிப்போர்ட்டே தப்பாகிவிடும். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடிக்கச் சொல்லி நர்ஸ் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். பிடித்ததை அங்கேயே லேபில் கொடுத்தோம்.

ரிப்போர்ட் வர ஓரிரு நாள் ஆகும். அதுவரை எரிச்சலோடு காத்திருக்கச் சொல்லவில்லை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நைட்ரோஃபியூரன்டாயின் 100 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின் தினம் இரண்டு வேளை, 5 நாளைக்கு எழுதினார். சிறுநீர் பழுப்பாகப் போகலாம், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். அப்படித்தான் போனது. ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற கிருமி. சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்ஸிம் இரண்டுக்கும் நேராக 'ஆர்' என்றிருந்தது, அதாவது கேட்காது. நைட்ரோஃபியூரன்டாயினுக்கு 'எஸ்', அதாவது கேட்கும். அதற்குள் அம்மாவுக்கு எரிச்சலும் விட்டிருந்தது.

அப்புறம் சில மாதம் கழித்து வழக்கமான சுகர் செக்கப். லேப் பேக்கேஜில் யூரின் கல்ச்சரும் சேர்ந்து வந்தது, மறுபடி ஈ.கோலை. அம்மாவுக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. பக்கத்து கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், எரிச்சல் உண்டா என்றுகூடக் கேட்காமல் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடி வேலூர்.

டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் கேள்வியாகக் கேட்டார். எரிச்சல், அவசரம், காய்ச்சல், அடிவயிற்று வலி? எதுவும் இல்லை. "அப்போ மாத்திரையும் இல்லை." வயதான பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் இப்படிக் கிருமி சும்மா இருப்பது சகஜமாம். மருந்து கொடுத்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப வரும், அதுவும் மருந்துக்குப் பழகிப்போய் வரும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களுக்கும் மட்டும் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து கொடுப்பார்களாம்.

"இவ்வளவு தூரம் பஸ்ல வந்து மாத்திரையே இல்லையா?" என்று அம்மாவுக்கு வருத்தம். குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் மட்டும் உடனே வரச் சொல்லி அனுப்பினார்.

இப்போதெல்லாம் செக்கப்புக்குப் போனால், கிட்னிக்காகப் பார்க்கும் யூரின் ஆல்புமினை மட்டும் வைத்துக்கொண்டு கல்ச்சரை எடுத்துவிடச் சொல்கிறேன். எடுத்துவிடுகிறார்கள், பேக்கேஜ் விலையை மட்டும் குறைப்பதில்லை.