பின் ஸ்பிரிங்கில் சேர்த்த இரண்டு பிளேட்டுகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் பட்டறைக்கு 1968-ஆம் ஆண்டின் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தபோது, அதன் உரிமையாளரான ஓய்வுபெற்ற பொறியாளர் கேட்டது ஒன்றுதான்: "வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும் தம்பி. அதற்கு எதை மாற்ற வேண்டுமோ மாற்றிவிடுங்கள்." கடினமான ஸ்பிரிங், மூட்டுகளில் ரப்பருக்குப் பதிலாகப் போடும் பாலியூரித்தேன் புஷ், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷாக் அப்சர்பர், வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் தடித்த ஆன்டி ரோல் பார் என்று ஒரு பட்டியலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பது பட்டியலில் இருப்பதில்லை. எனக்கும் அது அன்று தெரிந்திருக்கவில்லை; தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் காரைப் பார்த்திராத சென்னை மெக்கானிக்குக்கும் இதன் அடிப்பாகம் புதிதல்ல. இங்கே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதற்கும் ஒரே வம்சம். முன்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாகப் பிடித்திருக்கும் இரட்டை விஷ்போன் கைகளும் காயில் ஸ்பிரிங்கும் இருக்கும். பின்னால், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் மேல் குறுக்காகக் கிடக்கும், பிளேட்டுகளை அடுக்கிய ஒரே லீஃப் ஸ்பிரிங்தான் இரண்டு சக்கரங்களையும் தாங்கும். பின் ஆக்சிலுக்கு உள்முனையில் மட்டுமே மூட்டு என்பதால், வண்டியின் உடல் மேலெழும்ப எழும்பச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். வேகமான வளைவின் நடுவில் ஓட்டுநர் பதறி ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பாகம் தூக்கிக்கொண்டு வெளிப்புறச் சக்கரம் டயரின் ஓரத்தில் நிற்கும். அதோடு பிடிமானம் போய்விடும். ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெசல், இந்த அமைப்பைக் கைவிட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சிலுக்கு மாறியது.

இதையெல்லாம் படித்திருந்தும், பின் ஸ்பிரிங் தளர்ந்து தொங்கியதைப் பார்த்தவுடன், அதை வலுப்படுத்துவதே முதல் வேலை என்று முடிவுசெய்து, லாரிகளுக்கு ஸ்பிரிங் கட்டும் இடத்தில் கொடுத்து இரண்டு பிளேட்டுகள் கூடுதலாகச் சேர்த்தேன். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்கவும் அழகாக இருந்தது. மறுநாள் லேசான தூறலில், வெளிவட்டச் சாலைக்கு ஏறும் வளைவில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பின்பாகம் திடீரென்று விலகி, வண்டி குறுக்காகத் திரும்பி நின்றது. பின்னால் வேறு வாகனம் வராததால் உயிர் பிழைத்தேன். உயரம் கூடியதால் சக்கரங்கள் நிற்கும்போதே மடங்கியிருந்தன. பின்பக்கம் இறுகியதால், வளைவில் வெளிப்பக்கம் சாயும் பாரத்தின் பெரும்பங்கை, தாங்க முடியாத அந்தப் பின் டயரே சுமந்தது. பிழை முழுக்க என்னுடையது.

ஹெரால்டு காலத்திலிருந்து புதுப்பேட்டையில் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்தேன். அவர் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு, "பின்னாடி இறுக்கிட்டு முன்னாடியச் சும்மா விட்டுட்டீங்களே தம்பி, ஹெரால்டுல இத யாரும் செய்ய மாட்டாங்க" என்றார். பிறகு முன் சக்கரத்தடியில் படுத்து, ஸ்டியரிங் திரும்பும்போது சுழலும் டிரன்னியன் என்ற பித்தளை மூட்டைக் கழற்றச் சொன்னார். அதற்குள் கிரீஸ் மெழுகைப்போல உறைந்து, மேல்பாதியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியிலிருந்த மரைகள் வறண்டு, அதில் திருகும் இரும்புத் தண்டில் துரு ஏறியிருந்தது. அங்கே போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 கிரேடு கியர் ஆயில். கசிந்து வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். இந்த மூட்டு திரும்பாமல் இறுகிப் பிடித்துக்கொண்டால் தண்டே முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். அந்த நிலையில் நான் வேகத்துக்காக ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் வரிசையை மாற்றினோம். புதிய டிரன்னியன்கள், ரப்பர் புஷ்கள். புஷ்களின் போல்ட்டுகளை ஜாக்கியில் தூக்கிய நிலையில் இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பேரை உட்காரவைத்த பிறகே இறுக்கினோம். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். நான்கு பக்கமும் நைலான் நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்தோம். டயருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் தயாரான சிறிய கார்களில் வரும் 155/80 ஆர்13 இதற்குப் பொருந்தியது. இவ்வளவிலேயே வண்டி பாதிக்கு மேல் திருந்திவிட்டது.

மேம்பாடு என்று சொல்லத்தக்கவை மூன்றுதான். 1970-இல் மார்க் 4-க்காக நிறுவனமே கொண்டுவந்த, பெரும்பாலான பிளேட்டுகள் டிஃபரன்ஷியல் மேல் இறுக்கப்படாமல் அசையும் ஸ்பிரிங்கைப் பின்னால் பொருத்தினோம். உடல் சாய்வதை அது மிகக் குறைவாகவே தடுப்பதால், பின் சக்கரங்கள் தரையை விடுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட முன்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பார் வேண்டும். தடிமனின் நான்காம் அடுக்கில் விறைப்பு கூடும் என்பதால், 22 மில்லிமீட்டரிலிருந்து 25-க்குப் போனாலே விறைப்பு மூன்றில் இரண்டு பங்கு அதிகமாகிறது. அதற்கு மேல் நான் போகவில்லை. கடைசியாக, ஷாக் அப்சர்பர்களை மிகத் தளர்வான நிலையில் வைத்துப் பொருத்தி, ஒவ்வொரு படியாக இறுக்கினோம். எங்கள் தெருவின் வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி ஒரு முறை மட்டும் எழும்பி அடங்க வேண்டும். அதுவே என் அளவுகோல்.

காயில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டித் தாழ்த்தலாம் என்று உரிமையாளர் கேட்டார். மறுத்தேன். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடும், மேலும் கீழும் போகும் இடமோ குறையும். நம் சாலைப் பள்ளங்களில் சக்கரம் ரப்பர் தடுப்பில் முட்டிக்கொண்டே இருக்கும். பாலியூரித்தேனையும் தவிர்த்தேன், அந்த அதிர்வு முழுவதும் அரைநூற்றாண்டு பழைய சேசிஸுக்குப் போகும் என்பதால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், நான்கு டயர்களின் ஓரத்திலும் சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டுவிட்டு அவரையே ஓட்டச் சொன்னேன். ஆறு சுற்று முடிந்து வந்ததும் இருவரும் குனிந்து பார்த்தோம். தரையில் படும் பகுதி வரை மட்டும் கோடு அழிந்து, பக்கச்சுவரில் வெள்ளை அப்படியே இருந்தது. எந்தச் சக்கரமும் டயரின் ஓரத்தில் மடங்கி நிற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு சுற்று போய்வருகிறேன் என்று மீண்டும் ஏறிக்கொண்டார்.