ஹிப்னோதெரபி என்றால் பயப்பட என்ன இருக்கிறது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ் என்றாலே எங்கள் அண்ணிக்கு முதல் நாளே வயிறு கலங்கும். அதற்காகக் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் ஹிப்னோதெரபிக்கு, அதாவது ஹிப்னாடிச முறையில் தரும் சிகிச்சைக்கு, போகிறார் என்றதும் வீட்டில் ஒரே கலவரம். "மயக்கத்துல பீரோ சாவி இருக்கற இடத்தைக் கேட்டாக்கூடச் சொல்லிடுவியே" என்று அத்தை வேறு!

மேடையில் ஹிப்னாடிசம் செய்து ஆட வைப்பது வேறு கதை. சிகிச்சையில் ஆள் தூங்குவதில்லை. சொல்வதெல்லாம் காதில் விழும். பிடிக்காவிட்டால் கண்ணைத் திறந்து எழுந்து வந்துவிடலாம். கவனத்தை ஒன்றின் மேல் குவிப்பதுதான் சூட்சுமம் என்று 1840களிலேயே மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு எழுதிவிட்டார்.

முதல் முறை பாதி நேரம் பேச்சிலேயே போகும்: பயம் எப்போது தொடங்கியது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று. அப்புறம் மூச்சைக் கவனிக்கச் சொல்லி, உடம்பு தளர்ந்ததும் மனதுக்குள்ளேயே பஸ்ஸில் ஏற்றுவார்கள். பர்லியார் வளைவு, பிரேக் சூடேறிய வாடை, எதிரே லாரி. படபடப்பு கூடினால் அங்கேயே நிறுத்தி மறுபடி மூச்சு. ஒரே சிட்டிங்கில் குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருந்துக்கு 12 மாதமாகியும் அடங்காத ஐபிஎஸ் (IBS) என்ற நாள்பட்ட குடல் கோளாறுக்கு ஹிப்னோதெரபியைப் பரிசீலிக்கலாம் என்கிறது, சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் பிரிட்டன் அமைப்பான நைஸின் (NICE) வழிகாட்டுதல். சிகரெட்டை விட வைக்கும் என்பதற்கு அவ்வளவு வலுவான ஆதாரம் இல்லை. பூர்வஜென்ம ஞாபகம் என்று காசு வாங்குகிறவர்களிடம் போகவே வேண்டாம், இல்லாத ஞாபகம் உருவாகிவிடும். மனச்சிதைவு உள்ளவர்கள் சொந்த டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.