555 நோட்டில் பந்துக் கணக்கு

அப்பா செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் குலை வெட்டியவர். வெட்டிய குலையின் காம்பில் தன் நம்பரை எழுதி ரோட்டோரம் அடுக்கி வைப்பார். அவர் நம்பர் 37. பின்னாலேயே மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் வந்து எண்ணுவார். காய்க்குலை கிடந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார். அம்மா பொறுக்கிய உதிரிப் பழம் எத்தனை கோணி என்று தோட்டக் கணக்கர், கிராணி, செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் ஏற்றுவார். மலேசியாவில் பந்திங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேண்டாம். எண்ணாமல் விட்ட பொருள் என்று எங்கள் தோட்டத்தில் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

என் பந்துகளை மட்டும் யாரும் எண்ணவில்லை.

அப்போது 1995. எனக்கு 15 வயது. தோட்டத்து லயத்து வீடுகளுக்கிடையே செம்பனை மட்டையைச் செதுக்கி டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடிப் பழகியவன், டவுன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்த்தான் நிஜ பேட்டையும் தோல் பந்தையும் தொட்டேன். வேகமாகப் போடுவேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்டம் இருக்கும். காலையில் தொடங்கினால் வெயில் சாயும்வரை பந்து என் கையில்தான். "இன்னும் ஒரே ஒரு ஓவர்டா தம்பி" என்பார் பொறுப்பாசிரியர். எனக்கோ அப்படிப் பெருமை. மூன்றாம் மாதம் இடுப்புக்கு மேலே, இடது பக்கம், ஆணி அடித்த மாதிரி வலி. சதைப் பிடிப்பு என்றார்கள். தைலம் தேய்த்தோம். தேய்த்துக்கொண்டே இன்னும் ஆறு மாதம் பந்து போட்டேன். முதுகெலும்பில் விரிசல் என்று தெரியவந்தபோது அடுத்த வருடம் ஆகியிருந்தது.

1997 ஏப்ரலில் ஐசிசி டிராபி கிரிக்கெட் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. வங்காளதேசம் கடைசிப் பந்தில் கென்யாவை ஜெயித்த இறுதி ஆட்டத்துக்குக் கூட்டாளிகள் போய் வந்தார்கள். நான் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன்.

இதை இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம், போன மாதம் எனக்கு லெவல் டூ கிரிக்கெட் பயிற்றுநர் சான்றிதழ் வந்தது. இரண்டாவது முயற்சியில்.

லெவல் ஒன்னை நான் எப்போதோ முடித்துவிட்டேன். பிள்ளைகளைப் பாதுகாப்பாக வரிசைப்படுத்துவது, பேட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, எல்லாருக்கும் பந்து கிடைக்கும்படி ஆட்டம் அமைப்பது, அவ்வளவுதான் அதில். அடுத்த நிலையில் கேள்வியே மாறிவிடுகிறது. ஒரே பிள்ளையை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு வருடத்தைத் திட்டமிட வேண்டும். எந்த மாதம் ஏற்ற வேண்டும், எந்த மாதம் இறக்க வேண்டும், ஏன் என்று எழுதிக் காட்ட வேண்டும். இதோடு எஸ்பிகேகே என்கிற தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் விளையாட்டு அறிவியல் பாடமும் எடுத்தேன். அதில் மூன்று நிலை உண்டு. எலும்பு, தசை, ஊட்டம், மனம் எல்லாம் வரும். பகலில் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மலாயில் படித்து, எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். தமிழில் சொல்ல வராத பாடம் எனக்குப் புரியாத பாடம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் படிப்பில்தான் என் முதுகைப் பற்றிய கதையைப் படித்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுக்கக் கவனித்திருக்கிறார்கள். அவர்களில் 11 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் அழுத்த விரிசல். அதிகமாகப் பந்து போட்டவர்களுக்கும், இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாகத் திரும்பிப் போடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வலது கைக்காரனுக்கு இடது பக்கம்தான் பெரும்பாலும் விரிசல் விடும். அந்த ஆய்வு வெளிவந்த ஆண்டு 1989. நான் முதல் தோல் பந்தைத் தொடுவதற்கு முன்பே! ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கே 1973-இல் இப்படி முதுகு விரிசல் விட்டது என்பதும், பின்னாளில் சென்னை எம்ஆர்எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் இந்தியப் பையன்களுக்கு அவர் வேகப்பந்து கற்றுக்கொடுத்தார் என்பதும் உலகத்துக்கே தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தெரிந்த விஷயம் பந்திங்குக்கு வந்துசேரவில்லை. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சொல்லிவிட்டார்களே.

இருந்தும் முதல் மதிப்பீட்டில் நான் தேறவில்லை. நான் எடுத்துக்கொண்டது ஒரு பெண் பிள்ளை. 12 வயது, வலது கை, நல்ல வேகம். அப்பா லாரி ஓட்டுகிறார், பாட்டிதான் வளர்க்கிறார். வருடத் திட்டம், வீடியோ, படம் எல்லாம் அடுக்கி வைத்தேன். மதிப்பீட்டாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "போன வாரம் இந்தப் பிள்ளை மொத்தம் எத்தனை பந்து போட்டது?"

சனிக்கிழமைக் கணக்கைச் சொன்னேன். "மற்ற ஆறு நாள்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எவ்வளவு போட்டாள், வீட்டுப் பின்னால் தம்பிக்கு எவ்வளவு போட்டாள் என்று நான் கேட்டதே இல்லை. முதுகுக்கு எது பயிற்சி, எது விளையாட்டு என்று தெரியுமா? நான்தானே அதை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் இரண்டு 555 நோட்டு வாங்கினேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டுதான். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. ஓட்டம் எடுத்து முழு வேகத்தில் போடும் ஒவ்வொரு பந்தும் அதில் ஏற வேண்டும். டென்னிஸ் பந்தானாலும் கணக்குத்தான். முதல் வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது என் கை நடுங்கியது. நான் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் வைத்திருந்த விதி, 13 வயதுவரை ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர், அதற்கு மேல் கூடாது. எங்கள் சுவருக்கும் அதையே எழுதி ஒட்டினேன்.

பிறகு ஃபோனைத் தரையில் வைத்து, மெதுவாக ஓடும்படி அவள் பந்து வீச்சைப் படம் பிடித்தேன். பின்னங்கால் தரையில் விழும்போது கட்டைவிரல் நேரே பேட்ஸ்மேனைப் பார்க்கிறது. ஆக, இடுப்பு முன்னால் பார்க்கிறது. தோளோ பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு, இடது கைக்கு வெளிப்பக்கமாக எட்டிப் பார்க்கிறாள். அடுத்த நொடியில் முன்னங்கால் இறங்கும், உடம்பு எடையைப் போலப் பல மடங்கு அதன் வழியே மேலே ஏறும். 1995-இல் என்னை யாராவது படம் பிடித்திருந்தால் இதுதான் தெரிந்திருக்கும்.

பாட்டிக்கு விளக்க வேண்டியிருந்தது. "நல்லாத்தானே ஓடியாந்து போடுது, ஏன் சார் மாத்தச் சொல்றீங்க?" என்றார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். "நீங்க இந்தப் பக்கம் பிழிங்க பாட்டி, நான் அந்தப் பக்கம் பிழியிறேன்." பிழிந்தோம். "நடுவுல இருக்கிறது பிள்ளையோட முதுகு." அவர் துண்டை விட்டுவிட்டார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

காலைத் திருப்பவில்லை, தோளைத்தான் திருப்பினோம். இடது கைக்கு உள்பக்கமாகப் பார், நெஞ்சு பேட்ஸ்மேனுக்குக் காட்டு, இந்த இரண்டு வார்த்தைதான். முதலில் நடந்து, பிறகு மூன்று எட்டு வைத்து, பிறகு பாதி ஓட்டம். நான்கு மாதம் ஆனது. வேகம் குறைந்து அழுதாள். வேகம் திரும்பி வந்த நாளும் நோட்டில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறாள்.

இதற்கு நடுவில்தான் 2025 பிப்ரவரி 2. பண்டமாரான் பாயுமாஸ் ஓவலில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மலேசிய வீரர் சியாஸ்ருல் இட்ருஸ் 2023-இல் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட், ஏழும் போல்டாக எடுத்தாரே, அதே மைதானம். வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். தென்னாப்பிரிக்கா 82-க்குச் சுருண்டது. இந்தியாவின் திரிஷா மூன்று விக்கெட்டும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 44 ரன்னும் அடித்து முடித்துவைத்தார். எங்கள் பிள்ளைகள் தொண்டை கட்டக் கத்தினார்கள். பந்திங் பேட்மிண்டன் ஊர், பேட்மிண்டன் வீரர்கள் சீடேக் சகோதரர்கள் பிறந்த ஊர், இங்கே எதற்குக் கிரிக்கெட் என்று கேட்கிறவர்கள் அன்றைக்கு அந்த வேனில் இருந்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது வெளியே புல்தரையைப் பார்த்ததும் அவள் பையிலிருந்து பந்தை எடுத்துவிட்டாள். "ஒரே ஒரு ஓவர் சார்."

எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை. இந்த முறை கேட்டது பிள்ளை.

"இந்த வாரக் கணக்கு நேத்தே முடிஞ்சிருச்சும்மா. செவ்வாக்கிழமை போடலாம்" என்றேன். தெலோக் பங்ளிமா காராங் தாண்டும்வரை அவள் என்னிடம் பேசவில்லை. அதன் பிறகு ஐஸ் மைலோ கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் மதிப்பீட்டுக்கு வேறெதையும் முதலில் காட்டவில்லை, இரண்டு நோட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். மதிப்பீட்டாளர் அவளுடையதைத்தான் நெடுநேரம் படித்தார்.

இப்போது அடுத்த வேலை பாய். எங்கள் திடலில் பிட்ச் சிமெண்டுத் தரை, மேலே கயிற்றுப் பாய். முன்னங்கால் இறங்கும் இடத்தில் பாய் கிழிந்து, பிள்ளைகள் நேரே சிமெண்டில் மிதிக்கிறார்கள். எண்ணி எண்ணிக் காப்பாற்றுகிற முதுகை அந்தத் தரையில் கொண்டுபோய் மோத முடியாது. புதுப் பாய் வாங்க இன்னும் பணம் சேரவில்லை. அடியில் ரப்பர் விரிப்பு வைத்து, கிழிசலைத் தைத்துவிடலாம் என்று இருக்கிறோம். சனிக்கிழமை காலை ஏழரைக்குத் திடலில் இருப்பேன். வீட்டில் கோணி ஊசியும் சணலும் இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள்.