தொடை வழியாக வைத்த பைப்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிசியோதெரபி வேலை பார்த்தால் முதுகுவலிக்காரர்களுக்குப் பஞ்சமே இருக்காது. பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள், அதைத் தூக்கி லாரியில் போட்டவர்கள். கோடாலித் தைலம் கைவிட்ட பிறகுதான் நம்மிடம் வருவார்கள். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "தோட்டத்து வேலை பாப்பா, இடுப்பு போயிருச்சு." பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

குலை வெட்டி ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர் அப்படியில்லை. கட்டிலில் படுக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். சாதாரண இடுப்புவலி படுத்தால் கொஞ்சம் அடங்கும். இவருக்குப் படுத்தால்தான் அதிகமாம், ராத்திரியில் நாற்காலியிலேயே தூங்குகிறாராம். சிலுவார் (கால்சட்டை) தொளதொளவென்று நின்றது; பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. நடு இடுப்பில் விரலை மடக்கி லேசாகத் தட்டினேன், துள்ளிவிட்டார்.

"ஆபரேஷன் ஏதாவது செஞ்சிருக்கீங்களா ஐயா?"

"அதெல்லாம் இல்ல. வயித்துல ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு தொடை வழியா ஒரு பைப் வெச்சாங்க, அவ்வளவுதான்."

வயிற்றைக் கிழிக்கவில்லை, அதனால் அவர் கணக்கில் அது ஆபரேஷனே இல்லை.

அவர் சொன்ன பைப் ஒரு ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது துணி போர்த்திய கம்பிவலைக் குழாய். இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி வயிற்றுக்குள் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். 3 செ.மீ. ஆகிவிட்டால் அந்த வீக்கத்தை அனியூரிசம் என்பார்கள், ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டினால் பொதுவாகச் சரிசெய்யச் சொல்வார்கள். தொடை வழியாகக் குழாய் செலுத்தும் இந்த முறையை 1990-இல் புவனஸ் அயர்ஸில் யுவான் பரோடி செய்து காட்டிய பிறகுதான் உலகெங்கும் பரவியது. காயம் சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பழைய வீக்கத்தை யாரும் வெட்டி எடுப்பதில்லை. அது அங்கேயே, முதுகெலும்பை ஒட்டியபடி இருக்கிறது. குழாயைத் தாண்டி ரத்தம் உள்ளே கசிந்துகொண்டே இருந்தால், பெருத்துத் துடிக்கும் அந்தப் பை எலும்பின் முன்பக்கத்தை மெல்ல அரிக்கலாம். கிராஃப்டில் கிருமி தொற்றினாலும் எலும்புக்குப் பரவலாம். ஸ்கேனில் ஓரளவு வித்தியாசம் தெரியும்: துடிப்பு அரிக்கும்போது எலும்புகளுக்கு இடையில் மெத்தை போலிருக்கும் டிஸ்க் பெரும்பாலும் தப்பிவிடும், தொற்றோ டிஸ்க்கையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால்தான் இந்தக் குழாய் வைத்தவர்களை ஆயுள் முழுக்க ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். வலி இல்லாத காலத்தில் யார் லீவு போட்டு, மகனையும் போட வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்பார்கள்?

அதற்குமேல் நான் அவரைத் தொடவில்லை. சூட்டு ஒத்தடம்கூடக் கொடுக்கவில்லை. எழுந்து போய் டாக்டரிடம் சொன்னேன், அன்றே அனுப்பிவிட்டார்கள். ஸ்கேனில் டிஸ்க்கும் அதன் இருபுறத்து எலும்பும் கரைந்திருந்தன. ரத்தத்தில் வளர்ந்தது மெலியோய்டோசிஸ் கிருமி. நம் ஊர் மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதுதான். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களை அதிகம் தாக்கும். அவருக்கும் இனிப்புநீர். முதலில் வாரக்கணக்கில் ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை.

மறுபடி எங்களிடம் வந்தபோது முதுகைத் தாங்கும் பெல்ட் மாட்டியிருந்தார். குனியாமல், ஒருக்களித்துப் புரண்டு கட்டிலிலிருந்து எழுவதுதான் முதல் பாடம். அதைவிட அவருக்கு வேறொரு கவலை: "வீட்டுப் பின்னால ரெண்டு வாழைக் குலை நிக்குது பாப்பா, அதையாவது வெட்டலாமா?"

பக்கத்தில் நின்ற மகன் எனக்கு முன்னாலேயே முறைத்துவிட்டான்.